சிங்கிள் கிரெய்ன் ஸ்காட்ச்: கேட்டவையும் பதில்களும்

கேள்வி: சிங்கிள் கிரெய்ன் என்றால் ஒரே தானியத்தில் செய்வதா, சார்?

இல்லை, ஒரே ஆலையில் வடித்த ஸ்காட்லாந்து விஸ்கி என்று பொருள். பெரும்பாலும் கோதுமை அல்லது மக்காச்சோளம், கூடவே கொஞ்சம் மால்ட் பார்லி, அதாவது முளைகட்டிய பார்லி. லாக் லோமண்ட் ஆலையில் முழுக்க மால்ட் பார்லியிலேயே ஒரு விஸ்கி எடுக்கிறார்கள். பானையில் தவணை தவணையாக வடிக்காமல், இடைவிடாது ஓடும் தொடர் வடிகலனில் வடிப்பதால், பிரிட்டனின் 2009 ஸ்காட்ச் விஸ்கி விதிகளின்படி அதுவும் சிங்கிள் கிரெய்ன்தான்.

கேள்வி: மால்ட் விஸ்கிக்கு முன்னால் இதில் ருசியே இல்லை என்கிறார்களே?

மூன்று, நான்கு வருடச் சரக்கை மட்டும் குடித்தவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். முழுக்க மால்ட் பார்லியில் செய்யும் மால்ட் விஸ்கி, பானையிலிருந்து சுமார் 70 சதவீத ஆல்கஹாலோடு இறங்குகிறது. கிரெய்ன் 94 சதவீதத்தை ஒட்டி வருகிறது. கனமான எண்ணெய்களும் வாசனைகளும் வடிப்பிலேயே கழன்றுவிடும். மிஞ்சுவது மெல்லிய, லேசாக இனிக்கும் சாராயம். அதனால் இங்கே பீப்பாய்தான் எல்லாம்.

கேள்வி: அப்படியானால் எந்தப் பீப்பாய் நல்லது?

என் ஓட்டு, ஒருமுறை மட்டும் போர்பன் என்ற அமெரிக்க விஸ்கி வைத்த அமெரிக்க ஓக் மரப் பீப்பாய்க்கு. போர்பனுக்கு உள்ளே கருக்கிய புது ஓக் பீப்பாய் கட்டாயம் என்பது அமெரிக்கச் சட்டம். அதனால் அந்த 200 லிட்டர் பேரல்கள் ஸ்காட்லாந்துக்கு ஏராளமாக வருகின்றன. மரத்திலிருந்து வனிலா மணம் தரும் வனிலின் இறங்குகிறது, லாக்டோன்கள் என்ற ஓக் சேர்மங்கள் தேங்காய் மணம் தருகின்றன. பத்து வருடம் வரை இவை தனித்தனியாக நிற்கும். இருபதைத் தாண்டினால் கஸ்டர்டு, காய்ச்சிய சர்க்கரை என்று ஒன்றாகக் குழைந்துவிடும். இந்த மாற்றத்துக்காகவே கிரெய்னை நேசிக்கிறேன். பலமுறை நிரப்பிக் களைத்த பீப்பாயில் மால்ட் தன் சொந்தக் குணத்தால் பிழைத்துக்கொள்ளும், கிரெய்ன் வெளிறிப்போகும். இளம் கிரெய்னை, ஷெர்ரி என்ற ஸ்பானிய ஒயின் கனமாக ஊறிய பீப்பாயில் போட்டாலோ ஷெர்ரிதான் மிஞ்சும்.

கேள்வி: எத்தனை வருடம் வைக்கலாம்?

சட்டப்படி குறைந்தது 3 வருடம். நாற்பதைத் தாண்டிய பாட்டில்களும் உண்டு. ஸ்காட்லாந்தில் வருடத்துக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகிறது, ஆல்கஹாலும் மெல்லக் குறைகிறது. 40 சதவீதத்துக்குக் கீழே போனால் ஸ்காட்ச் என்று விற்க முடியாது.

கேள்வி: எதில் தொடங்கலாம், அண்ணா?

கர்வன், இன்வர்கார்டன், நார்த் பிரிட்டிஷ் என எந்த கிரெய்ன் ஆலையானாலும் சரி, லேபிளில் வயதும் பீப்பாய் வகையும் போட்டிருக்க வேண்டும். 1993-இல் மூடிய கேம்பஸ், 2010-இல் மூடிய போர்ட் டண்டாஸ் ஆலைகளின் பாட்டில்களை எல்லாம் அப்புறம் பார்க்கலாம், விலை ஏறிக்கொண்டே போகிறது. ஐஸ் வேண்டாம், சில சொட்டுத் தண்ணீர் போதும்.