அறக்கொட்டி என்றே எழுதுங்கள்

அண்ணா,

கிளிநொச்சியில் இணையத்தில் எழுதுகிறவர்களின் ஒன்றுகூடல் ஒன்று நடக்கப்போகிறது. தேடுபொறி உகப்பாக்கம் (SEO), அதாவது கூகுள் போன்றவற்றில் தேடுகிறவர்களுக்கு எங்கள் பக்கம் அகப்படும்படி செய்வது பற்றி நாற்பது நிமிடம் கதைக்கச் சொல்லி என்னைக் கேட்டிருக்கிறார்கள். மேடையில் கதைத்துப் பழக்கமில்லை, பயமாக இருக்கிறது. ஒரு கட்டுரையில் முக்கியமான சொல் எத்தனை தரம் வரவேணும்? வாசிக்கிறவர் கண்ணில் படாமல் பக்கத்தின் உள்ளே வைக்கிற குறிச்சொற்கள் (meta keywords) எத்தனை போடவேணும்? காசு கொடுத்து மற்றத் தளங்களிலிருந்து இணைப்பு எடுக்கலாமா? ஸ்லைட்டை ஆங்கிலத்தில் செய்தால் காணுமா? நான் எழுதிய 'கடல்நீர் எரியும் இரவு' கட்டுரையையும் அனுப்பியிருக்கிறேன். ஏன் ஒருவரும் அதைத் தேடி வருவதில்லை என்றும் சொல்லுங்கோ.

ம., பரந்தன்

அன்புள்ள தங்கச்சி,

மேடைப் பயம் இரண்டு நிமிடத்துக்குத்தான். அதை விடுங்கள்.

எத்தனை தரம் என்ற கேள்விக்கு எண் கிடையாது. சொல்ல வந்ததை ஒழுங்காகச் சொன்னால் அந்தச் சொல் வரவேண்டிய அளவுக்குத் தானாக வரும். குறிச்சொல் பட்டியலை வரிசைப்படுத்தலுக்குத் தாங்கள் பார்ப்பதில்லை என்று கூகுளே 2009இல் சொல்லிவிட்டது. இணைப்பைக் காசுக்கு வாங்காதீர்கள். ஒரு பக்கத்துக்கு மற்றப் பக்கங்கள் கொடுக்கும் இணைப்பைச் சாட்சியாக எடுத்துக்கொள்வதில்தான் கூகுளை உருவாக்கிய லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் தொடங்கினார்கள். விலைக்கு வாங்கிய இணைப்பு பொய்ச்சாட்சி, பிடிபட்டால் கீழே தள்ளிவிடுவார்கள். இவ்வளவையும் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்கலாம்.

உங்கள் கட்டுரையை நேற்று இரவு இரண்டு தரம் வாசித்தேன். முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்துவருவதும், முள்ளியவளை காட்டாவிநாயகர் கோயிலில் அந்த உப்புநீரில் விளக்கு எரிவதும், அதைப் பார்க்க அம்மம்மா உங்களைத் தூக்கிப் பிடித்ததும் அப்படியே கண்ணுக்குள் நிற்கிறது. எனக்கும் அந்த வயதில் ஓர் அம்மம்மா இருந்தார்.

ஆனால் பிள்ளை, அந்த விளக்கு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கலுக்கு எரிவது. வற்றாப்பளை என்ற பெயர் உங்கள் கட்டுரையில் ஆறாவது பத்தியில்தான் வருகிறது! வைகாசிப் பொங்கல் என்ற சொல் எங்கேயும் இல்லை. தலைப்பை வாசித்தால் கப்பல் தீப்பிடித்த செய்தியோ என்று நினைப்பார்கள். கனடாவில் இருந்துகொண்டு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க 'வற்றாப்பளை உப்புத்தண்ணி விளக்கு' என்று தட்டுகிற தாய் உங்களிடம் எந்த வழியால் வருவார்? 'வத்தாப்பளை' என்று வாயில் வருவதையே தட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அதையும் ஒரு வரியில் எழுதினால் உங்கள் தமிழுக்கு என்ன குறைந்துவிடும்?

கோபமாகத்தான் கேட்கிறேன். இந்தக் கோபத்துக்குப் பின்னால் ஒரு வயல் இருக்கிறது.

என் சித்தப்பா முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் கமம் செய்கிறவர். ஒரு சிறுபோகத்தில், கதிர் பால் பிடிக்கிற நேரம், வயலின் நடுவே வண்டில் சில்லளவு வட்டத்தில் பயிர் காய்ந்து நின்றது. நெல்லின் சாற்றை உறிஞ்சுகிற பூச்சியின் வேலை என்று பார்த்தவுடனேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. மகனிடம், "அறக்கொட்டியடா, போனில பார் என்ன செய்யலாமெண்டு" என்றார். தம்பி வரம்பில் நின்றபடியே 'அறக்கொட்டி' என்று தட்டியிருக்கிறான். விவசாயிகள் கவலை, விவசாயிகள் இழப்பீடு கோரிக்கை என்று செய்திகள் வந்தன. என்ன செய்வது என்று ஒரு வரி இல்லை. பிறகு மருந்துக்கடையில் கொடுத்ததை வாங்கி மேலால் அடித்தார்கள். அந்தப் பூச்சி இருப்பது பயிரின் அடியில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே. இலையில் அடித்த மருந்து அதில் படவில்லை. அதைத் தின்கிற சிலந்திகள்தான் செத்தன. இரண்டு ஏக்கர் எரிந்துபோனது. சித்தியின் சங்கிலி அந்த வருடம் அடகிலிருந்து மீளவில்லை.

நான் அப்போது வவுனியாவில். வெட்டு முடிந்து போனபோதுதான் கேள்விப்பட்டேன். "ஏன்டா, நான் இதைப் பற்றி எழுதினது பார்க்கேல்லையா?" என்று தம்பியைக் கேட்டேன். "தேடினனான் அண்ணா, வரேல்லையே" என்றான்.

எப்படி வரும்? வயலைத் தண்ணீர் வடியவிட்டுக் காயவிடுங்கள், யூரியாவை அள்ளிக் கொட்டாதீர்கள், நெருக்கி விதைக்காதீர்கள், மருந்துதான் வழி என்றால் அடித்தண்டில் படும்படி அடியுங்கள் என்று எல்லாவற்றையும் எழுதியிருந்தேன். தலைப்பு 'பொன்வயலின் பெருமூச்சு'. உள்ளே அந்தப் பூச்சிக்கு முழுக்கப் 'புகையான்' என்ற பெயர். தமிழ்நாட்டுப் புத்தகங்களில் அப்படித்தான் இருந்தது. 'அறக்கொட்டி' பேச்சுச் சொல், எழுத்துக்கு அழகில்லை என்று ஓரிடத்திலும் எழுதாமல் விட்டேன். அந்த அழகுக்கான விலையைக் கட்டியவர் சித்தப்பா.

இதைத்தான் மண்டபத்தில் சொல்லுங்கள், தங்கச்சி. தேடுபொறி பக்கம் பக்கமாக வாசித்து, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று குறித்துவைக்கிறது. தடித்த புத்தகத்தின் கடைசியில் சொல்லடைவு போடுவார்களே, அப்படி. ஒரே பொருளுள்ள சொற்களை அது இப்போது ஓரளவு சேர்த்தும் பார்க்கிறது. ஆனால் ஒட்டுசுட்டானில் அறக்கொட்டி என்பதும், விவசாயத் திணைக்களம் கபிலநிறத் தத்தி என்பதும், தஞ்சாவூரில் புகையான் என்பதும் ஒரே பூச்சிதான் என்று அதற்கு யார் சொல்லிக்கொடுப்பது? மூன்று சொல்லையும் ஒரே பக்கத்தில் வைத்து நாங்கள் எழுதினால்தான் உண்டு. கமக்காரரின் சொல் தலைப்பில், மற்ற இரண்டும் முதல் பத்தியில். நெற்பருவங்களைக் காலபோகம், சிறுபோகம் என்று எழுதுங்கள். சம்பா, குறுவை என்று எழுதி எங்கள் ஆட்களைத் தஞ்சாவூருக்கு அனுப்பாதீர்கள். எழுத உட்கார முன் வரம்பிலும் சந்தையிலும் போய், இதை என்னவென்று சொல்லுவீர்கள் என்று இரண்டு பேரைக் கேளுங்கள். உகப்பாக்கம் என்று நான் நம்புகிற வேலை அதுதான்.

ஊர்ப் பெயருக்கும் கவனம் வேண்டும். புதுக்குடியிருப்பு முல்லைத்தீவிலும் உண்டு, மட்டக்களப்பிலும் உண்டு. மாவட்டத்தைச் சேர்த்து எழுதுங்கள்.

இன்னொன்று, பழைய மலர்களையும் சஞ்சிகைகளையும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்து, அப்படியே இணையத்தில் ஏற்றி வைத்திருக்கிறவர்கள் அந்த மண்டபத்தில் நிச்சயம் இருப்பார்கள். பாமினியில் 'தமிழ்' என்பது இயந்திரத்துக்கு ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. எங்கள் கண்ணுக்குத்தான் அது தமிழ். அவற்றை, எந்தக் கணினியும் தமிழ் என்றே அறிகிற பொதுக் குறியீடான யூனிகோட்டுக்கு மாற்றாதவரை ஒருவரும் தமிழில் தேடி எடுக்கமுடியாது. மாற்றிய பிறகும் ஒருமுறை சரிபாருங்கள். கொம்பும் காலும் இடம்மாறிக் கிடந்தால் அந்தச் சொல்லும் அகப்படாது. இடம்பெயர்வுகளில் எவ்வளவோ தாள் எரிந்தும் நனைந்தும் போன மண் இது. மிஞ்சினவற்றைக் கையில் வைத்துக்கொண்டு அரைப்புள்ளிக்குள் பூட்டிவைப்பதை என்னால் பொறுக்கமுடியவில்லை. அவர்களோடு கொஞ்சம் கண்டிப்பாகவே கதையுங்கள். வயதில் மூத்தவர்கள் என்று தயங்கவேண்டாம்.

ஸ்லைட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். தமிழில் செய்யுங்கள், யூனிகோட்டில். மண்டபத்துக் கணினியில் பாமினி இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். பெரிய எழுத்தில், ஒரு திரைக்கு ஐந்து வரிக்கு மேல் போகாமல். முதல் திரையில் உங்கள் கட்டுரையின் தலைப்பையே போடுங்கள், பழையதையும் மாற்றினதையும் பக்கத்தில் பக்கத்தில். 'கடல்நீர் எரியும் இரவு' என்பதை அழித்துவிடாதீர்கள், உள்ளே ஓர் உபதலைப்பாக இருக்கட்டும். அது நல்ல வரி.

அன்புடன்,
அண்ணா