வால்வு ரேடியோவுக்கு எந்தக் குழு? யூஸ்நெட் பெயர்களைப் படிக்கும் முறை

கேள்வி: எங்கள் வீட்டில் 1960களில் வாங்கிய வால்வு ரேடியோ ஒன்று இருக்கிறது. போட்டால் பாட்டோடு சேர்ந்து ‘உம்’ என்று ஹம்மிங் சத்தமும் வருகிறது. இதைப் பழுது பார்ப்பவர் எங்கள் ஊரில் இப்போது இல்லை. பொருள்வாரியான குழுக்களில் மடல் எழுதிப் பேசிக்கொள்ளும் பழைய கணினி வலையமைப்பான யூஸ்நெட்டில் இதற்கெல்லாம் குழுக்கள் உண்டு என்று கேள்விப்பட்டுப் பட்டியலைத் திறந்தால், ஆயிரக்கணக்கான பெயர்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. எதில் போய்க் கேட்பது?

பதில்: நீங்கள் பார்த்தது அகரவரிசைப் பட்டியல் போலத் தோன்றினாலும், அதன் அடியில் இருப்பது பொருள்வாரியான அடுக்கு. ஒவ்வொரு குழுவின் பெயரும் புள்ளிகளால் பிரிக்கப்பட்ட சில சொற்களால் ஆனது. இடப்பக்கம் இருப்பது பெரும்பிரிவு, வலப்பக்கம் போகப் போக விஷயம் குறுகும். நாம் எழுதும் முகவரியைத் தலைகீழாகப் புரட்டி, மாவட்டத்தை முதலிலும் தெருவைக் கடைசியிலும் எழுதியது போன்ற அமைப்பு இது. ஆகவே முதல் சொல்லைச் சரியாகத் தேர்ந்தெடுத்துவிட்டால் பட்டியலின் பெரும்பகுதியை நீங்கள் பார்க்கவே வேண்டியதில்லை.

இந்த அடுக்கு தொடக்கத்திலிருந்தே இருந்ததன்று. 1979இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர்களான டாம் ட்ரஸ்காட், ஜிம் எல்லிஸ் இருவரும் யூஸ்நெட்டுக்கு வித்திட்டார்கள். அதன் ஆரம்ப ஆண்டுகளில் பெரும்பாலான குழுப் பெயர்கள் ‘நெட்’ என்றே தொடங்கின. குழுக்கள் பெருகியபோது அது சமாளிக்க முடியாததாகிவிட, 1986-87இல் எல்லாவற்றுக்கும் புதுப்பெயர் சூட்டி, கணினி, அறிவியல், பொழுதுபோக்கு, சமூகம், விவாதம், யூஸ்நெட் பற்றிய செய்தி, இதர விஷயங்கள் என ஏழு பெரும்பிரிவுகளில் அடுக்கினார்கள். 1995இல் மானுடவியல் துறைகளுக்கான எட்டாவது பிரிவு சேர்ந்தது. கம்ப்யூட்டர் என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் நான்கு எழுத்துகள், சயின்ஸ் என்பதன் முதல் மூன்று எழுத்துகள் என்று பெரும்பாலான பிரிவுகளின் பெயர்கள் சுருக்கமாகவே இருக்கும். விவாதத்துக்கென ‘டாக்’ என்று தனிப்பிரிவு வைத்ததற்குக் காரணம், முடிவே இல்லாத சண்டைகளை ஒரே இடத்தில் ஒதுக்கிவிட்டால், அவற்றைச் சுமக்க விரும்பாத கணினி மையங்கள் மொத்தமாக விட்டுவிடலாம் என்பதுதான். உங்கள் தேவைக்கு அந்தப் பக்கமே போக வேண்டாம்.

இவற்றுக்கு வெளியே ‘ஆல்ட்’ என்று இன்னொரு பெரும்பிரிவும் உண்டு. எட்டுப் பிரிவுகளில் புதிய குழு தொடங்க, நெடுங்காலம் வாக்கெடுப்பு தேவைப்பட்டது: எதிர்ப்பு வாக்குகளைவிட ஆதரவு வாக்குகள் குறைந்தது 100 கூடுதலாகவும், மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்காகவும் இருக்க வேண்டும். ஆல்ட்டில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. அதனால் அங்கே அருமையான குழுக்களும் உண்டு, வேடிக்கைக்காகப் பெயர் வைத்து அன்றே கைவிடப்பட்டவையும் உண்டு.

இனி உங்கள் ரேடியோவுக்கு வருவோம். முதலில் கண்ணில் படுவது அறிவியல் பிரிவில் உள்ள ‘சை.எலக்ட்ரானிக்ஸ்.ரிப்பேர்’. மின்னணுச் சாதனங்கள் எல்லாவற்றையும் பழுது பார்ப்பதற்கான குழு என்பதால் அங்கே டிவிக்கும் மைக்ரோவேவ் அடுப்புக்கும் நடுவில்தான் உங்கள் கேள்வி நிற்கும். பொழுதுபோக்குப் பிரிவில் ‘ரெக்.ரேடியோ’ என்று தொடங்குபவை பெயரில் நெருக்கமாக இருந்தாலும், அவற்றில் பேசப்படுவது ஹாம் ரேடியோ, சிற்றலை ஒலிபரப்பு போன்றவைதான். பெட்டியின் உட்புறம் அவர்களுக்கு இரண்டாம்பட்சம். நீங்கள் தேட வேண்டியது, பலரும் எதிர்பார்க்காத இடமான பழம்பொருள் பகுதியில் இருக்கிறது: ‘ரெக்.ஆன்டிக்ஸ்.ரேடியோ+ஃபோனோ’. பழைய ரேடியோக்களுக்கும் கிராமபோன்களுக்குமான குழு அது. பொருள்வாரித் தேடலில் இது அடிக்கடி நேரும். ஒரு பொருளை நாம் ‘என்ன சாதனம்’ என்று பார்க்கிறோம். குழுவை அமைத்தவர்கள் ‘யார் இதை விரும்பி வைத்திருக்கிறார்கள்’ என்று பார்த்திருப்பார்கள். எனவே ஒரு பிரிவில் கிடைக்காவிட்டால், அந்தப் பொருளோடு புழங்குபவர் யார் என்று யோசித்து அடுத்த பிரிவைத் திறக்க வேண்டும்.

துல்லியமான பெயரில் குழு இல்லையே என்று தயங்கவும் வேண்டாம். ஹெல்சின்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், பின்னாளில் லினக்ஸ் ஆன தம் இயங்குதளத்தைப் பற்றி 1991 ஆகஸ்ட் 25 அன்று முதன்முதலாக அறிவித்தது, மினிக்ஸ் என்ற வேறோர் இயங்குதளத்துக்கான குழுவில். அவருடைய வேலையைப் புரிந்துகொள்ளக் கூடியவர்கள் அன்று அங்கேதான் இருந்தார்கள். பெயர் பொருந்தும் வெறும் குழுவைவிட, ஆட்கள் இருக்கும் பக்கத்துக் குழு மேல் என்பது என் கருத்து.

ஆட்கள் இருக்கிறார்களா என்பதைப் பட்டியல் சொல்லாது. ஆளரவம் இல்லாத குழுக்களின் பெயர்களும் அதில் அப்படியே நிற்கும். குழுவைத் திறந்து கடைசி மடல்களின் தேதியைப் பாருங்கள். அதைவிட முக்கியம், கேட்ட கேள்விகளுக்குப் பதில் வந்திருக்கிறதா, அல்லது விளம்பரக் குப்பைதான் குவிந்திருக்கிறதா என்பது. இதைக் கூகுள் குரூப்ஸில் பார்த்து முடிவு செய்துவிடாதீர்கள்: 2024 பிப்ரவரி 22க்குப் பிறகு அங்கே யூஸ்நெட்டின் புதிய மடல்கள் வருவதில்லை, எல்லாக் குழுவும் செத்துப்போனதாகத்தான் தெரியும். பழைய மடல்களைத் தேடுவதற்கு மட்டும் அது இன்றும் உதவும். உங்கள் ரேடியோ மாடலின் எண்ணைக் கொடுத்து அங்கே ஒருமுறை தேடிவிடுவது நல்லது. புதியவற்றைப் படிக்கவும் எழுதவும் தண்டர்பேர்டு போன்ற மென்பொருளும், எடர்னல் செப்டம்பர் போன்ற இலவச சர்வரில் ஒரு கணக்கும் போதும்.

இரண்டு குழுக்களில் கேட்க வேண்டியிருந்தால் தனித்தனி மடலாக அனுப்பாமல், ஒரே மடலின் முகவரிப் பகுதியில் இரண்டு பெயர்களையும் காற்புள்ளியிட்டுச் சேர்த்து அனுப்புங்கள். ஓரிடத்தில் வந்த பதில் மற்ற இடத்திலும் தெரியும். ஒரே விளக்கத்தை இருவர் தனித்தனியாக எழுதும் வீண்வேலையும் இருக்காது. இரண்டைத் தாண்டிப் போனால் எரிச்சல்தான் வரும்.

மடலின் தலைப்பில் ‘உதவி தேவை’ என்று போடாமல், மாடல் எண்ணையும் கோளாறையும் எழுதுங்கள். உள்ளே எந்தெந்த வால்வுகள் இருக்கின்றன என்பதையும், வால்யூமை முழுக்கக் குறைத்த பிறகும் ஹம்மிங் கேட்கிறதா என்பதையும் கட்டாயம் குறிப்பிடுங்கள்; அப்போதும் அதே அளவில் கேட்டால், பெரும்பாலும் பவர் சப்ளையில் உள்ள பழைய ஃபில்டர் கன்டென்சர் போயிருக்கும். பதில் வரும்வரை பெட்டியைத் திறந்து கை வைக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தக் கன்டென்சர் ஆளைத் தூக்கி எறியும் அளவுக்கு மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கக்கூடும்.