வாசகர் கேள்விகள்: பேரன் பேத்தியோடு ஆஸ்திரேலியச் செம்மண் பாலையில்

கே: மகன் அடிலெய்டில் இருக்கிறான். ஜூலையில் நாங்கள் இருவரும் போகிறோம். மகன், மருமகள், ஐந்து வயதுப் பேத்தி, இரண்டு வயதுப் பேரன் என்று ஆறு பேரும் காரிலேயே உலூரு பாறைக்குப் போய்வரலாம் என்கிறான். குழந்தைகள் தாங்குமா?
(வாசகி, தேவகோட்டை)

ப: தாங்கும், ஆச்சி. மாதமும் சரியான மாதம்தான். டிசம்பர், ஜனவரி என்றால் 40 டிகிரியைத் தாண்டும். வேண்டாம் என்றே சொல்லியிருப்போம். ஜூலை அங்கே குளிர்காலம். பகல் இதமாக இருக்கும். இரவில் உலூருப் பக்கம் பூஜ்ஜியத்துக்குக் கீழேயும் இறங்கும். கம்பளிக் குல்லாய் கட்டாயம் இருக்கட்டும்.

அடிலெய்டிலிருந்து உலூருக்கு ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர். வழி முழுக்கத் தார்ச் சாலை. பெரியவர்கள் மட்டும் என்றால் இரண்டு நாளில் ஓட்டிவிடுவார்கள். உங்களுக்கு நான்கு நாள் வேண்டும். முதல் நாள் போர்ட் அகஸ்டா, 310 கி.மீ. மறுநாள் கூபர் பீடி, 540. இதுதான் கடினமான நாள். அடுத்து எர்ல்டண்டா, சுமார் 490. நான்காம் நாள் பாறைக்குப் பக்கத்திலுள்ள யுலாரா, சுமார் 245. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்திக் குழந்தைகளை ஓடவிடுங்கள்.

நேரக் கணக்குதான் முக்கியம். ஜூலையில் பொழுது ஆறு மணியை ஒட்டிச் சாய்ந்துவிடும். கங்காரு சாலைக்கு வருவது அந்திக் கருக்கலிலும் விடிகாலையிலும்தான். எட்டு மணிக்குக் கிளம்பி, நாலரைக்குள் அறைக்குப் போய்ச் சேருங்கள். அதையும் மீறி ஒன்று குறுக்கே வந்தால் மகன் ஸ்டியரிங்கை ஒடிக்கக் கூடாது; நேராகவே பிரேக் போட வேண்டும். 110 கி.மீ. வேகத்தில் ஒடித்தால் சக்கரம் ஓரத்துச் சரளையில் இறங்கி வண்டி உருண்டுவிடும். கங்காருவை இடிப்பதைவிட அது மோசம்.

கே: ஏழு பேர் கார் எடுத்தால் போதுமா? குழந்தை இருக்கையை இங்கிருந்தே வாங்கிப் போகலாமா?
(வாசகர், காரைக்குடி)

ப: இருக்கையை இங்கே வாங்காதீர்கள். ஆஸ்திரேலியத் தர முத்திரை பெற்ற இருக்கை மட்டுமே அங்கே சட்டப்படி செல்லும். வாடகைக் கார் நிறுவனத்திலேயே கேட்டு வாங்கலாம். 6 மாதம் வரை பின்பக்கம் பார்த்த இருக்கை. அதிலிருந்து 4 வயது வரை, குழந்தையைத் தோளோடு சேர்த்துக் கட்டும் வார்ப்பூட்டுள்ள இருக்கை. 4 முதல் 7 வரை வார்ப்பூட்டு இருக்கையோ, உயர்த்திப் போடும் பூஸ்டரோ. வார்ப்பூட்டு இருக்கையின் தலைப்பகுதியிலிருந்து ஒரு பட்டை பின்னால் போய் வண்டியின் கொக்கியில் மாட்டும். அதை மாட்டாமல் விட்டால், பிரேக் போட்டதும் இருக்கை முன்னால் கவிழும். பல ஏழு பேர் கார்களில் மூன்றாம் வரிசையில் இந்தக் கொக்கியே இருக்காது. ஆகவே குழந்தைகளை நடு வரிசையில்தான் உட்கார வைக்க முடியும்.

மேலே சொன்ன ஆறு பேர் என்றால், பெரியவர் ஒருவர் இரண்டு இருக்கைகளுக்கு நடுவே ஒடுங்கி உட்கார வேண்டும், இன்னொருவர் மூன்றாம் வரிசைக்குப் போக வேண்டும். முழங்கால் வலி உள்ளவரை முன்னால் உட்கார வையுங்கள். மூன்றாம் வரிசையில் ஆள் உட்கார்ந்தபின் மிச்சமிருக்கும் பாதி இடம்தான் சாமானுக்கு. பெட்டியைக் குறையுங்கள், தண்ணீரைக் குறைக்காதீர்கள்.

கே: போன் சிக்னல் இல்லாத இடத்தில் வண்டி நின்றுவிட்டால் என்ன செய்வது?
(வாசகர், கானாடுகாத்தான்)

ப: "வழியில் பார்த்துக்கொள்ளலாம்" என்ற நம் பழக்கம்தான் அங்கே ஆபத்து. பிம்பா என்ற நிறுத்தத்திலிருந்து கூபர் பீடி வரை சுமார் 365 கி.மீ. காரைக்குடியில் கிளம்பிச் செங்கல்பட்டு போகிற தூரம். நடுவே கிளெண்டம்போ என்று ஒரே ஒரு நிறுத்தம்; அதையும் நம்பாமல் பிம்பாவிலேயே டேங்கை நிரப்பிவிடுங்கள். பாதிக்குக் கீழே முள் இறங்கவே கூடாது.

தண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர். ஆறு பேருக்கு இரண்டு நாளைக்கு 60 லிட்டர். ஒரே கேனில் வேண்டாம். அது ஒழுகினால் எல்லாம் போயிற்று. 10 லிட்டர் கேன் ஆறாக வாங்கித் தரையில் வையுங்கள். மேலே கேரியரில் ஏற்றினால் வண்டி தலைகனத்து ஆடும். நம் ஊர் வெயிலில் சட்டை நனைவது கண்ணுக்குத் தெரியும். அங்கே காற்று வறண்டது, வியர்வை வந்த சுவடே இல்லாமல் உலர்ந்துவிடும். குழந்தை கேட்கும் வரை காத்திருக்காமல் நீங்களே கொடுத்துக்கொண்டிருங்கள்.

வண்டி நின்றால் அதை விட்டு யாரும் நகரக் கூடாது. இது ஒன்றே ஒன்றை மனப்பாடம் செய்தால் போதும். நெடுஞ்சாலை என்றால் யாராவது வந்துவிடுவார்கள். நடந்து போனவரைத் தேடுவது கடினம். வண்டி தூரத்திலிருந்தே தெரியும். பானட்டைத் திறந்துவைத்து, வண்டியின் நிழலிலேயே உட்காருங்கள். அவசர எண் 000. பி.எல்.பி. என்றொரு கைக்கருவி வாடகைக்குக் கிடைக்கும். பொத்தானை அழுத்தினால் செயற்கைக்கோள் வழியே மீட்புப் படைக்குச் செய்தி போய்விடும். பழைய போனை நம்ப வேண்டாம். 3ஜி அங்கே 2024-லேயே நின்றுவிட்டது.

கிளம்புமுன் ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா, ஜாக்கியும் ஸ்பேனரும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு பலகைத் துண்டும் வேண்டும். மணலில் ஜாக்கி புதையுமே தவிர, வண்டி எழும்பாது.

ரோடு டிரெயின் என்னும் லாரிகள் 53 மீட்டர் நீளம் வரை இருக்கும். முந்த ஒரு கிலோமீட்டர் நேர்ச்சாலை தெளிவாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் பின்னாலேயே போங்கள். அவசரம் என்ன?

கே: மணகோலம், சீப்புச் சீடை, பால்கோவா, கறிவேப்பிலை எல்லாம் கொண்டுபோகலாமா?
(வாசகி, பள்ளத்தூர்)

ப: பால்கோவாவும் பச்சைக் கறிவேப்பிலையும் வேண்டாம். மற்றப் பலகாரத்தை விமானத்தில் தரும் பயணியர் அட்டையில் "உணவு உண்டு" என்று எழுதி அதிகாரியிடம் காட்டிவிடுங்கள். காட்டினால் அதிகம் போனால் எடுத்துக்கொள்வார்கள். மறைத்தால் அபராதம், விசாவே ரத்தாகவும் கூடும். பாறையிலிருந்து அடிலெய்டு திரும்பும்போதும் கவனம்: எல்லை தாண்டித் தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் பழம் கொண்டுவரத் தடை உண்டு. வாங்கிய ஆப்பிளை எல்லைக்கு முன்பே குழந்தைகளுக்குக் கொடுத்து முடித்துவிடுங்கள்.

கே: பேரப்பிள்ளைகள் உலூரு மேலே ஏற வேண்டும் என்கிறார்கள்.
(வாசகர், கோட்டையூர்)

ப: முடியாது. அது அந்த மண்ணின் அனங்கு மக்களுக்குப் புனித இடம். 2019 அக்டோபர் 26 முதல் ஏறுவது நிறுத்தப்பட்டுவிட்டது. சுற்றிவரும் பாதை 10.6 கி.மீ., சின்னக் கால்களுக்கு அதிகம். முட்டிஜுலு நீர்ச்சுனைக்குப் போகும் பாதை போக வர ஒரு கிலோமீட்டர்தான். பாறை மடிப்பில் நிழலும் தண்ணீரும் சேர்ந்திருக்கும் இடம். இரண்டு வயதுக் குழந்தையும் நடந்துவிடும்.

வழியில் கூபர் பீடியில் தரைக்கு அடியில் குடைந்த அறைகளில் ஓர் இரவு தங்குங்கள். ஏசி இல்லாமலே குளிர்ந்திருக்கும். நம் செட்டிநாட்டு வளவு வீட்டுக்குள் நுழைந்தது போல. ஊரைச் சுற்றி ஓப்பல் கல்லுக்காகத் தோண்டி மூடாமல் விட்ட குழிகள் ஏராளம். அங்கே மட்டும் குழந்தையின் கையை விடக் கூடாது. படம் எடுக்கிறோம் என்று பின்னோக்கி ஓர் அடிகூட வைக்காதீர்கள்.