ராஜா–ஜாக்கியை எங்கே உட்கார்ந்து ஆடுகிறீர்கள்?

கேள்வி: ஒன்பது பேர் மேசையில் டெக்சஸ் ஹோல்டம் (ஆளுக்கு இரண்டு சீட்டு தரும் போக்கர் வகை) ஆடுகிறேன். இஸ்பேடு ராஜா, ஆர்ட்டின் ஜாக்கி மாதிரி சீட்டு வந்தால் எப்போதும் ரெய்ஸ்தான் (பந்தயத் தொகையை உயர்த்துவதுதான்). சில நேரம் நன்றாக வருகிறது, பல நேரம் பெரிதாக அடி விழுகிறது. எங்கே தப்பு செய்கிறேன்?

பதில்: அந்த "எப்போதும்" என்பதில்தான்.

சீட்டு பார்க்கும் முன்பே கட்டாயமாகப் பணம் போடும் இருவர் ஸ்மால் பிளைண்ட், பிக் பிளைண்ட். பிக் பிளைண்டுக்கு அடுத்த இடத்தில் இருந்தால் முதலில் பேசுவது நீங்கள். இன்னும் எட்டுப் பேர் வாய் திறக்கவில்லை. அவர்களில் ஒருவரிடம் ஏஸ்–ராஜாவோ ராஜா–ராணியோ இருந்தால் போதும். நீங்கள் ரெய்ஸ் செய்ய, பின்னால் இருக்கும் அவர் கால் செய்கிறார், அதாவது அதே தொகையைப் போட்டுத் தொடர்கிறார். ஃப்ளாப்பில் (மேசையில் எல்லோருக்கும் பொதுவாகத் திறக்கும் முதல் மூன்று சீட்டில்) ராஜா, 8, 4. ஜோடி விழுந்த சந்தோஷத்தில் பெட் கட்டுகிறீர்கள்; மறுபடி கால். டர்னிலும் (நான்காவது பொதுச் சீட்டிலும்) கட்டினால் ரெய்ஸ் வருகிறது. அவருக்கும் ராஜா ஜோடிதான், ஆனால் துணைச் சீட்டு உங்களுடையதைவிடப் பெரிது. ஒவ்வொரு சுற்றிலும் நீங்கள் முதலில் பேச, அவர் கேட்டுவிட்டு முடிவெடுக்கிறார். இந்த இடத்தில் ராஜா–ஜாக்கியைத் தயங்காமல் ஃபோல்ட் செய்யுங்கள், அதாவது போட்டுவிட்டு விலகுங்கள்.

அதே சீட்டு டீலர் பட்டனில் (சீட்டு பங்கிடுபவரின் இடத்தைக் குறிக்கும் வில்லை உங்கள் முன் இருக்கும்போது) வந்து, முன்னால் எல்லோரும் விலகிவிட்டார்கள் என்றால் கதையே வேறு. மிச்சம் இரண்டு பிளைண்டுகள்தான். தாராளமாக ரெய்ஸ் செய்யலாம். இரண்டும் ஆர்ட்டினாக 8–7 வந்தால்கூடச் செய்யலாம். ஃப்ளாப்பிலிருந்து ரிவர் (ஐந்தாவது, கடைசிப் பொதுச் சீட்டு) வரை கடைசியாகப் பேசுவது நீங்கள். எதிராளி செக் (பணம் கட்டாமல் முறையை விடுவது) சொன்னால் நீங்களும் செக் சொல்லி அடுத்த சீட்டைக் காசில்லாமல் பார்க்கலாம்.

பிளைண்டில் பலர் ஏமாறுவது "ஏற்கெனவே பணம் போட்டாச்சே" என்ற எண்ணத்தில். பிளைண்ட் 50, 100. பட்டன் 250க்கு ரெய்ஸ், பாட் (மேசையில் சேர்ந்த மொத்தப் பணம்) 400. பிக் பிளைண்ட் 150 போட்டால் போதும், அதாவது வெல்ல சுமார் 27 சதவீத வாய்ப்பு இருந்தால் கணக்கு சரியாகிறது. ஸ்மால் பிளைண்ட் 200 போட வேண்டும், தேவை 33 சதவீதம். அதற்கப்புறம் மூன்று சுற்றிலும் முதலில் பேச வேண்டியதும் அவர்தான். மேசையிலேயே மோசமான இடம் அது என்பேன்.

நாற்காலியைத் தேர்ந்தெடுக்க முடிந்தால், அடிக்கடி ரெய்ஸ் செய்பவர் உங்கள் வலப்பக்கம் இருக்கட்டும். ஆட்டம் இடப்பக்கமாகச் சுற்றுவதால் பெரும்பாலும் அவர் பேசியபிறகே உங்கள் முறை வரும்.

இன்னொன்று: ரெய்ஸ் செய்யும் முன் இடப்பக்கம் ஒரு பார்வை பாருங்கள். தன் முறை வரும் முன்பே சீட்டை வீசத் தயாராகத் தூக்கிப் பிடித்திருப்பவர்கள் உண்டு. பட்டன் வரை அப்படி இருவர் என்றால், அந்த ஆட்டத்தில் பட்டன், அதாவது கடைசியாகப் பேசும் இடம், கிட்டத்தட்ட உங்களுடையதுதான்.