குளச்சல் தாய் ஒருவருக்கு: உங்கள் மகளின் நோட்டை வாசித்தேன்

அன்புள்ள சகோதரி,

போன வாரம் குளச்சலிலிருந்து பஸ் பிடித்து நாகர்கோவிலுக்கு வந்து, ஒரு நோட்டை என் மேசையில் வைத்தீர்கள். "பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கிய பிள்ளை, சார். நர்சிங் சேர்க்கலாம் என்றால், பாட்டு வீடியோவைப் பற்றிப் படிக்கப் போகிறேன் என்கிறாள். இதெல்லாம் ஒரு படிப்பா?" என்று கேட்டீர்கள். வெளியே ஆட்கள் காத்திருந்ததால் அரைகுறையாகப் பதில் சொல்லி அனுப்பிவிட்டேன். அது மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. நோட்டை முழுவதும் வாசித்த பிறகு இதை எழுதுகிறேன்.

பாட்டுப் பார்க்கிற பிள்ளைகள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். பாட்டுப் பிடிக்கும் என்பதற்காக மட்டும் இந்தத் துறைக்குப் போக நினைத்த பலரை நானே தடுத்திருக்கிறேன். உங்கள் மகளைத் தடுக்க எனக்கு மனம் வரவில்லை. காரணம் அந்த நோட்டில் இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்திலும் நான்கு கட்டங்கள்: வினாடி, காட்சி, பாடல் வரி, ஏன். அந்த நான்காவது கட்டத்தில்தான் அவள் அதிகம் எழுதியிருக்கிறாள்.

ஓரிடத்தில் இப்படிக் கேட்டிருக்கிறாள்: "தலைமுடி மெதுவாகப் பறக்கிறது, அலை மெதுவாக விழுகிறது. உதடு மட்டும் பாட்டோடு சரியாக ஓடுகிறது. எப்படி?" அதன் கீழே இரண்டு பக்கம் முழுவதும் தவறான விடைகள், எல்லாவற்றையும் அவளே அடித்திருக்கிறாள். மூன்றாம் பக்கத்தில் சரியான விடை வந்துவிடுகிறது. படமெடுக்கும்போது பாட்டை இரட்டை வேகத்தில் ஒலிக்கவிட வேண்டும். பாடுபவர் அந்த வேகத்துக்கே வாயசைக்க வேண்டும். கேமரா வினாடிக்கு 50 பிரேம், அதாவது 50 தனித்தனிப் படங்கள், பதிவு செய்ய, பிறகு அதை வினாடிக்கு 25 பிரேமாக ஓட்டினால் எல்லாம் பாதி வேகத்துக்கு இறங்கும்; உதடு மட்டும் பாட்டின் இயல்பான வேகத்தில் வந்து நிற்கும். தம்பியை மொட்டை மாடியில் நிறுத்திக் கைப்பேசியில் சோதித்தும் பார்த்திருக்கிறாள். யாரும் சொல்லிக்கொடுக்காமல் இதைக் கண்டுபிடித்த பிள்ளையை "போனிலேயே கிடக்கிறாள்" என்று சொல்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது, சகோதரி.

அவள் ஆராய்வது என்ன என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நம் ஊர் கோயில் கொடை விழாவில் வில்லுப்பாட்டுக் கேட்டிருப்பீர்கள். முதன்மைப் பாடகரான அண்ணாவி ஒரு வரி சொன்னதும் பக்கத்தில் இருப்பவர் "ஆமா" போடுவார். கெட்டிக்காரப் பக்கப்பாட்டுக்காரர் என்றால் வெறும் "ஆமா"வோடு நிற்க மாட்டார். சில இடத்தில் கேள்வி கேட்பார், சில இடத்தில் மறுத்தும் பேசுவார். பாட்டு வீடியோவில் படத்தின் வேலையும் அதுதான். கடல் என்று வரி வந்ததும் முட்டம் பாறையைக் காட்டி, ஒளி என்றதும் சூரிய உதயத்தைக் காட்டுகிற பக்திப் பாடல் ஆல்பங்கள் நம் மாவட்டத்தில் ஏராளம். அங்கே படம் "ஆமா" மட்டும் போடுகிறது. வரி சொல்லாததைப் படம் சொன்னால் பாட்டு விரிகிறது. வரிக்கு நேர் எதிரானதைக் காட்டினால் கேட்பவர் நிமிர்ந்து உட்காருகிறார். ஆண்ட்ரூ குட்வின் என்ற ஆய்வாளர் 1992-இல் வெளியிட்ட நூலில் இந்த மூன்று உறவுகளையும் வகைப்படுத்தினார். ஊடகப் பாடம் படிக்கும் மாணவர்கள் பலர் இன்றும் அங்கிருந்து தொடங்குகிறார்கள்.

பாடகரின் முகம் ஏன் இத்தனை முறை குளோசப்பில் வருகிறது என்றும் கேட்டிருக்கிறாள். அதற்கான விடை வியாபாரத்தில் இருக்கிறது. 1981 ஆகஸ்ட் 1-ஆம் தேதி அமெரிக்காவில் எம்டிவி என்ற பாட்டு வீடியோ சேனல் தொடங்கியபோது, இந்த வீடியோக்கள் இசைத்தட்டை விற்கும் விளம்பரங்களாகவே இருந்தன. முகம் மனதில் பதிந்தால்தான் கடையில் தட்டு விற்கும். ஸ்டூடியோவில் ஹெட்ஃபோன் மாட்டி மைக் முன் நின்று பாடும் காட்சியும் இப்படி ஒரு வழக்கம்தான். 2011-இல் கொலவெறிப் பாட்டு ஊரெல்லாம் பரவியபோது, அந்த வீடியோவில் பெரும்பாலும் இருந்தது அதுதான்.

கணக்கிலும் அவள் குறை வைக்கவில்லை. நிமிடத்துக்கு 100 தாளத் தட்டு உள்ள பாட்டில் ஒரு தட்டு 0.6 வினாடி, நான்கு தட்டுக்கு 2.4 வினாடி, அதாவது 60 பிரேம். காட்சி மாறுகிற இடங்களை இந்தக் கணக்கோடு ஒப்பிட்டு, சரணத்தில் மட்டும் வெட்டு தட்டுக்கு முன்பே விழுவதைக் கண்டிருக்கிறாள். ஆண் பாடகரை முகத்திலிருந்தும் கூட ஆடும் பெண்களை இடுப்பிலிருந்தும் காட்டத் தொடங்கும் காட்சிகளை எண்ணி, ஒரு பக்கத்தில் கோபமாக எழுதியிருக்கிறாள். அந்தக் கோபம் வீணாகப் போகக் கூடாது.

இனிப் பிழைப்பைப் பற்றி. அலசத் தெரிவது மட்டும் சம்பளம் தராது. அதோடு எடிட்டிங், ஒலிப்பதிவு, ஒளிப்பதிவு என்று ஏதாவது ஒரு கைத்தொழில் சேர வேண்டும். இந்த நோட்டை வைத்துப் பார்த்தால் அவளுக்குப் பொருந்துவது எடிட்டிங். முதல் சில வருடங்கள் வருமானம் சீராக இருக்காது. நம் பக்கத்தில் திருமண வீடியோ, திருவிழா, பக்தி ஆல்பம் என்று வேலை உண்டு. அங்கே கை பழகலாம். பெண்பிள்ளைக்கு ஒத்துவருமா என்று கேட்டீர்கள். பி.ஆர்.விஜயலட்சுமி 1985-லேயே தமிழ்த் திரைப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர்.

மூன்று வருட விஷுவல் கம்யூனிகேஷன் பட்டம் ஒரு வழி. சென்னை தரமணியில் அரசு நடத்தும் எம்.ஜி.ஆர். திரைப்படப் பயிற்சி நிறுவனத்தில் நான்கு வருடப் பட்டப்படிப்பாகவே எடிட்டிங் இருக்கிறது. அரசு நிறுவனம் என்பதால் கட்டணத்துக்குப் பயப்பட வேண்டாம். அறிவிப்பு வந்ததும் தகுதிப் பகுதியை ஒரு வரி விடாமல் வாசியுங்கள். பட்டம் முடித்த பிறகு புனே, கொல்கத்தாவில் உள்ள திரைப்படப் பயிற்சி நிறுவனங்களுக்கும் நுழைவுத் தேர்வு எழுதலாம். "ஆறே மாதத்தில் வேலை" என்று போர்டு வைத்திருக்கும் தனியார் அகாடமிகளிடம் மட்டும் நகையை அடகு வைத்துக் கட்டிவிடாதீர்கள். என்னிடம் வந்த ஒரு குடும்பம் அப்படிக் கட்டியது. பையன் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தது வாரத்தில் ஒரு மணி நேரம். பணம் கட்டும் முன் ஒரு மாணவருக்கு எத்தனை மணி நேரம் மெஷின் கிடைக்கும் என்று கேளுங்கள்.

நர்சிங் விண்ணப்பத்தையும் போட்டு வையுங்கள், தவறில்லை. அதற்குள் அவளுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். உங்கள் ஊரில் யாராவது பாடும் பாட்டு ஒன்றை, அவர்கள் அனுமதியோடு, ஒரு நிமிட வீடியோவாக எடுத்து வெட்டி முடிக்க வேண்டும். பாடுபவர் முகம் மூன்று முறைக்கு மேல் வரக் கூடாது. ஓரிடத்திலாவது படம் "ஆமா" சொல்லாமல் இருக்க வேண்டும். அவள் அதை முடிக்கிறாளா, பாதியில் விடுகிறாளா என்பதைப் பொறுத்து நாம் முடிவெடுக்கலாம்.

அவள் அப்பா கடலிலிருந்து திரும்ப இன்னும் பத்து நாள் என்றீர்கள். அவர் வந்ததும் மூன்று பேரும் வாருங்கள். நோட்டு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. அந்தச் சரணத்து வெட்டு ஏன் முன்பே விழுகிறது என்று அவள் எழுதியிருக்கும் காரணம் எனக்குச் சரியாகப் படவில்லை. அதைப் பற்றி அவளோடு கொஞ்சம் வாதாட வேண்டும்.