பீடி, சிகரெட் தொடாதவர், புகையிலை மட்டும் மெல்லுவார்: இரத்தம் குறைய அது காரணமாகுமா?

உங்கள் மாமியாருக்கு ஹீமோகுளோபின் 8 என்றும், அவருக்கு வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் மட்டும்தான் என்றும் எழுதியிருக்கிறீர்கள். என் அம்மா கதையும் இதேதான்.

நாங்கள் கம்பம்மெட்டுக்காரர்கள். அம்மா முப்பது வருடம் வண்டன்மேட்டுப் பக்கம் ஏலக்காய்த் தோட்டங்களில் காய் எடுத்தவர். காலையில் ஜீப் ஏறும்போதே கடைவாயில் புகையிலையை அடக்கிவிடுவார். "இது வாயில கிடந்தா குளிரும் தெரியாது, பசியும் தெரியாது" என்பார். மதியச் சோறு பாதி அப்படியே வீட்டுக்குத் திரும்பி வரும்.

புகை விடாவிட்டாலும் புகையிலையிலுள்ள போதைப்பொருளான நிகோடின் இரத்தத்துக்குப் போகத்தான் செய்கிறது. கன்னத்தின் உள்தோல் மெல்லியது. கூடத் தடவும் சுண்ணாம்பின் காரம் அதை இன்னும் வேகமாக உள்ளே இழுத்துவிடும். இரத்தக் குழாய் சுருங்கும், துடிப்பு கூடும், அழுத்தம் ஏறும். இரண்டு மணி நேரத்தில் அந்த நிகோடினில் பாதி வடிந்துவிடுவதால் கை மறுபடி சுருக்குப்பைக்குப் போகும்.

ஆனால் புகையிலை சிவப்பணுக்களை நேரடியாகத் தின்றுவிடுகிறது என்று நான் சொல்ல மாட்டேன். பீடி குடிப்பவர்களுக்குப் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடை ஈடுகட்ட ஹீமோகுளோபின் கொஞ்சம் கூடவே காட்டும். மெல்லுகிறவர்களுக்குப் பாதிப்பு சுற்றுவழியில் வருகிறது. பசி செத்துச் சாப்பாடு குறையும். பாக்கின் துவர்ப்பு, உணவிலுள்ள இரும்புச்சத்தை உடம்பில் ஒட்டவிடாது. பாக்கினால் வாய்த்தோல் இறுகி எரிய ஆரம்பித்தால் காரக்குழம்பைத் தொடவே முடியாது. கர்ப்பிணிகள் மென்றால் பிள்ளை எடை குறைந்து பிறக்கும் ஆபத்தும் கூடுகிறது.

அம்மா ஏற்றத்தில் நாலு அடி வைத்ததும் நின்று மூச்சு வாங்கினார். வயசுதான் காரணம் என்று விட்டுவிட்டோம். அது எங்கள் தப்பு. பரிசோதித்தபோது 7.6. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள், இரண்டு மாதம் ஆகியும் ஏறவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, மாத்திரையை டீயோடு விழுங்கியிருக்கிறார். டீயும் பாக்கு போலவே இரும்பைத் தடுக்கும். எலுமிச்சைச் சாறோடு மாற்றினோம். புகையிலையையும் பாக்கையும் நிறுத்திவிட்டு, சுருக்குப்பையில் சோம்பும் ஏலக்காயும் போட்டுக் கொடுத்தேன். முதல் இரண்டு வாரம் தூக்கமில்லை, எல்லோர் மீதும் எரிந்து விழுந்தார். பொறுத்துக்கொண்டோம். நாலு மாதத்தில் 10.9.

உங்கள் மாமியாருக்குக் காரணம் வேறாகவும் இருக்கலாம். வைட்டமின் பி12 குறைவு, குடல்புழு, மூலத்தில் போகும் இரத்தம் என எல்லாவற்றையும் மருத்துவரிடம் சொல்லிப் பார்த்துவிடுங்கள். புகையிலையை விட உதவி வேண்டுமென்றால் 1800-11-2356 என்ற இலவச எண்ணில் பேசலாம். இன்றைக்கே ஒன்று செய்யுங்கள்: வாயை நன்றாகத் திறக்கச் சொல்லி, அவருடைய மூன்று விரல்களை அடுக்கி நிறுத்தி வைத்தால் நுழைகிறதா என்று பாருங்கள். நுழையாவிட்டாலோ, உள்ளே வெள்ளைப் படலமோ இரண்டு வாரமாக ஆறாத புண்ணோ இருந்தாலோ, இரத்தப் பரிசோதனைக்குக் காத்திருக்காமல் உடனே பல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.