தபால் வாக்குக்குச் சாட்சி வேண்டுமா? இங்கிலாந்துக்குப் புதிதாக வந்த காரைக்குடித் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

மே மாத உள்ளாட்சித் தேர்தலுக்குத் தபால் வாக்குக் கேட்டு விண்ணப்பிக்கப் போவதாகவும், அதில் யாரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்க வேண்டும் என்று தெரியவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். கல்யாணத்துக்கே இசைகுடிமானம் என்னும் ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்திட்டுக்கொள்ளும் ஊரில் பிறந்து, ஆசிரியரான தந்தை தேர்தல் பணிக்காலத்தில் கெஜட்டட் அதிகாரியிடம் சான்றொப்பம் வாங்கியதைப் பார்த்து வளர்ந்த உங்களுக்கு இந்த ஐயம் எழுவது இயல்புதான். ஆனால் இங்கிலாந்தில் தபால் வாக்குக்குச் சாட்சி எவரும் வேண்டியதில்லை. உங்கள் கையெழுத்தும் பிறந்த தேதியும் போதும். சாட்சி இல்லாத காரணத்தாலேயே அந்த இரண்டும் பிசகாமல் இருக்க வேண்டும்.

நம் நாட்டில் தேர்தல் பணியாளர்கள் தபால் வாக்கோடு கொடுக்கும் 13ஏ உறுதிமொழிப் படிவத்தில் சான்றொப்பம் இடுபவரின் தகுதி கேள்விக்குள்ளானால், வாக்களித்தவர் மீது எந்தப் பிழையும் இல்லாதபோதும் வாக்கு தள்ளப்படலாம். 2016 சட்டமன்றத் தேர்தலில் இராதாபுரம் தொகுதியின் முடிவு 49 வாக்குகளில் அமைந்தபோது, சான்றொப்பம் முறையாக இல்லை என்று 203 தபால் வாக்குகள் ஒதுக்கப்பட்டிருந்தன. தலைமையாசிரியர்கள் இட்ட சான்றொப்பம் செல்லுமா என்ற வழக்கில், அவற்றை எண்ணும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதே 2019-இல்தான். வாக்காளர் தம் வாக்குக்காக இன்னொருவரின் பதவியை நம்பி நிற்க வேண்டியதில்லை என்பதால், இங்குள்ள முறையே மேலானது என்பது என் உறுதியான எண்ணம்.

இணையத்தில் விண்ணப்பிக்கும்போது, வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் கையெழுத்திட்டு அதைப் படமெடுத்துப் பதிவேற்றச் சொல்வார்கள். பின்னர் வாக்குச் சீட்டோடு வரும் உறுதிமொழித் தாளில் நீங்கள் இடும் கையெழுத்தை ஒப்பிடுவது அந்தப் படத்தோடுதான். பாஸ்போர்ட்டோடும் அல்ல, வங்கிக் கணக்கோடும் அல்ல. நம்மவர்களில் பலருக்குத் தமிழில் ஒன்றும் ஆங்கிலத்தில் ஒன்றுமாக இரண்டு கையெழுத்துகள் உண்டு. தந்தை பெயரின் முதலெழுத்தைச் சில இடங்களில் முன்னும் சில இடங்களில் பின்னும் போடும் பழக்கமும் உண்டு. எந்த மொழியில் இட வேண்டும் என்று விதி இல்லை, இரண்டு இடத்திலும் ஒன்றாக இருந்தால் போதும். ஆகவே பதிவேற்றிய படத்தைக் கைப்பேசியிலிருந்து அழித்துவிடாமல் வைத்திருந்து, உறுதிமொழித் தாளில் கையெழுத்திடும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறந்த தேதியிலும் இதே கவனம் வேண்டும். பள்ளிச் சான்றிதழில் ஒரு தேதியும் வீட்டார் கொண்டாடும் தேதி வேறொன்றுமாக இருப்பது நம் பக்கத்தில் புதிதல்ல. விண்ணப்பத்தில் கொடுத்த தேதியையே உறுதிமொழித் தாளிலும் எழுத வேண்டும். கையெழுத்துக்கு அருகில் தேதிக் கட்டம் இருப்பதைப் பார்த்தவுடன், பழக்கத்தால் அன்றைய தேதியை எழுதிவிடுகிறவர்களின் வாக்குகளும் தள்ளப்படுகின்றன.

வாக்குச் சீட்டைச் சிறிய உறையில் இட்டு ஒட்டி, அதையும் உறுதிமொழித் தாளையும் சேர்த்துப் பெரிய உறையில் வைத்து அனுப்ப வேண்டும். உங்கள் மனைவியும் தபால் வாக்குப் பெற்றிருந்தால் இரு கட்டுகளையும் ஒரே நேரத்தில் மேசையில் பிரிக்காதீர்கள். ஒருவர் தாளில் மற்றவர் கையெழுத்திடும் தவறு அப்படித்தான் நேர்கிறது. உதவுகிறேன் என்று வரும் கட்சிக்காரர்களிடம் உறையைக் கொடுக்கவும் கூடாது, அவர்கள் வாங்கவும் கூடாது. பின்னாளில் உங்கள் பெற்றோர் இங்கு வந்து வாக்குரிமை பெற்று, கை நடுக்கத்தால் ஒரே மாதிரி கையெழுத்திட முடியாவிட்டால், கையெழுத்திலிருந்து விலக்குக் கேட்கத் தனி விண்ணப்பம் இருக்கிறது.

நான் சொன்னவை இங்கிலாந்துக்கு உரியவை. வட அயர்லாந்தில் விதிகள் வேறு. தபால் வாக்கு ஏற்பாடு அதிகபட்சம் மூன்று ஆண்டுகளுக்கே செல்லும், பிறகு புதிதாக விண்ணப்பிக்க வேண்டும்.

கொப்புடைநாயகி அம்மன் செவ்வாய்த் திருவிழாவுக்கு ஊருக்குப் போவதால் வாக்குச் சீட்டைக் காரைக்குடி வீட்டுக்கே வரவழைக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வாக்குப்பதிவு நாளன்று இரவு 10 மணிக்குள் சீட்டு இங்கே திரும்பி வந்தாக வேண்டும். கடல் கடந்து போய்வரும் தபாலை நம்பி அதைச் செய்வது வாக்கை இழப்பதற்குச் சமம். உங்களுக்குப் பதிலாக வாக்களிக்க, வாக்காளர் பட்டியலில் உள்ள நம்பிக்கையான ஒருவரைப் பதிலாளாக நியமியுங்கள். அவர் உங்கள் வாக்குச்சாவடிக்குத் தம்முடைய புகைப்பட அடையாள அட்டையோடு போனால் போதும். தபால் வாக்குக்கான விண்ணப்பம் தேர்தலுக்கு 11 வேலை நாட்களுக்கு முன்பும், பதிலாளுக்கான விண்ணப்பம் 6 வேலை நாட்களுக்கு முன்பும், மாலை 5 மணிக்குள் போய்ச் சேர வேண்டும். விமானச் சீட்டு எடுத்த அன்றே பதிலாள் விண்ணப்பத்தையும் அனுப்பிவிடுங்கள்.